யவனர் மதுவும் கிள்ளான் கள்ளும்

இத்தாலியின் சிவப்பு ஒயின் தமிழனுக்குப் புதிதல்ல. கிரேக்க, ரோமானிய வணிகரான யவனர் கொண்டுவந்த நறுமண மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித்தர, அருந்தி மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியபோது ஒயின் சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. அவற்றில் சில வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து மண்ணால் ஆனவை.

இத்தாலியின் கியாந்தி ஒயினை இன்று கோலாலம்பூர் பேரங்காடிகளில் யாரும் வாங்கலாம். 1716இல் டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ அந்த ஒயின் விளையும் எல்லையை வகுத்தான். சாஞ்சியோவேசே திராட்சையின் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்தது அது. தனியாகக் குடித்தால் நாக்கைப் பிடிக்கும். தக்காளிக் குழம்போடும் நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சியோடும் குடித்தால் துவர்ப்பு அடங்கிவிடும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டோடு அது பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. மிளகாய்க் காரத்தின் மேல் துவர்ப்பும் மதுவின் சூடும் ஏறினால் வாய் எரியும். இளசான கியாந்தியைச் சற்றுக் குளிரவைத்து, காரம் குறைத்த மட்டன் பெரட்டலோடு குடிக்கலாம். மீன் தலைக் கறியோடு வேண்டவே வேண்டாம்.

நமக்கென்று ஒரு பானம் இருந்தது. தென்னங்கள். இறக்கிய சில மணி நேரத்தில் நுரைத்துவிடும், மறுநாளே காடியாகத் தொடங்கும். போதை ஒயினில் பாதிகூட இல்லை. இனிப்பும் புளிப்பும் கலந்திருப்பதால் காரத்தைத் தாங்கும். காட்டுப்பன்றிக் கறி, நண்டு, பொரித்த கருவாடு எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஆப்ப மாவைப் புளிக்கவைத்ததும் இதுதான். ஆனாலும் விருந்துக்கு வந்தவர் முன் கள்ளை வைக்க நாம் கூசுகிறோம். கியாந்தி வைத்தால் பெருமை.

இந்தக் கூச்சத்துக்குக் காரணம் மலாயாவின் கித்தா (ரப்பர்) தோட்டம். கள்ளுக்கடைக்கு உரிமம் தந்தது காலனி அரசு, தோட்டத்திற்குள் கடைக்கு இடம் கொடுத்தது நிர்வாகம். விடியலில் ஆளெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, நாள் முழுக்க மரம் சீவியவன் கூலியில் ஒரு பங்கைச் சாயங்காலம் அங்கே விட்டுவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினான். காய்கறிக்கு வைத்த காசும் அதோடு போயிற்று. டஸ்கனி உழவன் ஒயினை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டோடு குடித்தான். நம்மவனுக்குக் குவளை ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவது ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. இவையெல்லாம் ஒரே பட்டியலில் நின்றதைக் கவனிக்க வேண்டும். கள்ளுக்கடையையும் துரைத்தனத்தின் ஒரு கருவியாகவே அவர்கள் பார்த்தார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

கள்ளுக்கடையை மூடச் சொல்லி அந்தத் தொழிலாளர்கள் கேட்டது அன்று சரி. அதே வாதத்தைத் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகும் ஒப்பிப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. கள் ஒதுங்கிய இடத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயமும் போலி மதுவும் குடியேறின. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். இன்றைய கூலிகள் அவர்கள்தாம்.

ஒயினும் பீரும் பரிமாற ஓர் உணவகத்துக்கு உரிமம் உண்டென்றால், முஸ்லிம் அல்லாத வாடிக்கையாளருக்கு அன்றன்று இறக்கிய கள்ளைச் சோற்றோடும் கறியோடும் பரிமாறவும் உரிமம் கொடுக்கலாம். கலப்படத்தைச் சோதிக்க ஆள் வேண்டும், நேரக் கட்டுப்பாடு வேண்டும். கூலி மறுபடியும் கடையிலேயே கரையாதிருக்க, கடனுக்கு விற்பதை மட்டும் அறவே தடுக்க வேண்டும்.