புள்ளியைப் பார்த்த பிறகு விலை

பாகப்பிரிவினைக்கோ காப்பீட்டுக்கோ செட்டிநாட்டு வீட்டுப் பொருள்களை மதிப்பிட்டு எழுதும் அறிக்கைகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘ரவி வர்மா படம், பழையது, நல்ல நிலை.’ எதிரே ஒரு தொகை. பித்தளை அண்டாவுக்கு எடை, வாய் அகலம், ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் எழுதுகிறவர்கள் சுவரில் இருந்த சரஸ்வதியை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நாம் இனி ஏற்கக் கூடாது.

ரவி வர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. பிளேக் காலத்தில் லோனாவ்லா அருகே மளவ்லிக்குப் போய், சில ஆண்டுகளில் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்கு மாறியது. 1906இல் ஓவியர் மறைந்த பின்னும் அச்சகம் பல பத்தாண்டுகள் ஓடியது. துரந்தர் போன்ற பிற ஓவியர்கள் வரைந்த படங்களும் அங்கே அச்சேறின. ஆகவே படத்தின் அடியில் அந்தப் பெயர் இருந்தால் அச்சிட்ட இடம் தெரியும். வரைந்தவர் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் தனியாகத் தேட வேண்டியவை.

படம் பழைய கல்லச்சா (லித்தோகிராஃப்), புதிய ஆப்செட் அச்சா என்று அறிய, பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். கல்லில் கையால் இட்ட புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, வரிசை தப்பிக் கிடக்கும். கன்னத்தின் நிழலில் இது நன்றாகத் தெரியும். ஆப்செட்டில் அதே கன்னம் நான்கு நிறப் புள்ளிகளாகி, அளவெடுத்த வரிசையில் நிற்கும். அடுத்ததாகக் கறையைப் பாருங்கள். ஓரத்தில் உள்ள பழுப்புக் கறையும் ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டையும் புள்ளிகளால் ஆனவையாகத் தெரிந்தால், கையில் இருப்பது பழைய படத்தைப் படம்பிடித்து அடித்த புதுத் தாள். தேக்கு ஃபிரேமையும் அலையோடிய கண்ணாடியையும் பார்த்து மயங்க வேண்டாம்; அவை வேறொரு படத்துக்குச் செய்தவையாக இருக்கலாம். பின்பலகையில் ஆணித்துளை இரட்டையாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்த படங்களுக்குத் தனிக் கவனம் தேவை. பழைய உலோக ஜரிகை கறுத்திருக்கும். பளபளப்பது பிற்பாடு ஒட்டியதாக இருக்கலாம். அப்படி என்றால் அதை அறிக்கையில் எழுத வேண்டும். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரித்துப் பார்க்கவே கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பிரிக்காமல் பார்த்ததை அப்படியே குறிப்பிடலாம்; அதில் குறைவொன்றும் இல்லை.

அச்சுப் படத்தை ‘ஓவியம்’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அதை நம்பிப் பிரீமியம் போடும். இழப்பு நேர்ந்தால் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடும். ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்கீழ் கலைக் கருவூலமாக அறிவிக்கப்பட்டவை. நாட்டை விட்டு வெளியே விற்க முடியாதவை. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒரு கல்லச்சுப் படத்தைக் கொடுத்தனுப்ப நினைக்கும் குடும்பத்தை, நம் அலட்சியச் சொல் ஒன்று கலங்கடிக்கும்.

தொகை எதற்காக என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். அதே போன்ற படத்தை மீண்டும் வாங்க ஆகும் செலவு காப்பீட்டுக்குப் பொருந்தும். பங்காளிகள் பிரித்துக்கொள்ளும்போது அது உதவாது. இன்றைக்கு விற்றால் கைக்கு வரும் தொகைதான் அங்கே கணக்கு. இரண்டுக்கும் இடையே வியாபாரியின் லாபம் முழுவதும் கிடக்கிறது.

வியாபாரிகள் பலர் மதிப்பீடும் செய்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தலைமுறையாகப் பொருள் பார்த்தவர்களின் கண் நமக்குத் தேவை. அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் மதிப்பிட்டவரே அந்தப் பொருளை வாங்குவதும், மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் ஒழிய வேண்டும். முதலாவதில் விலை தானாக இறங்கும், இரண்டாவதில் ஏறும். அமெரிக்க மதிப்பீட்டாளர் நெறிமுறை இரண்டாவதை வெளிப்படையாகத் தடுக்கிறது. கட்டணத்தை மணிக்கணக்கிலோ பொருள் கணக்கிலோ முன்கூட்டிச் சொல்லுங்கள். படத்தை வாங்க ஆசை இருந்தால் மதிப்பீட்டை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.