யாழ்தேவியின் பாதையை உடைத்தவர்கள்

1985 ஜனவரி 19 அன்று முறிகண்டிக்கு அருகே, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ரயில் கண்ணிவெடியில் சிக்கியது. படையினரும் பொதுமக்களுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வண்டியில் இராணுவம் போகிறது என்பது வெடி வைத்தவர்களின் நியாயம். இராணுவம் போனது உண்மைதான். பயணிகள் வண்டியில் சிப்பாய்களை ஏற்றிய அரசு, பக்கத்து இருக்கையில் இருந்தவரின் உயிரையும் பணயம் வைத்தது. ஆனால் அந்த இருக்கையில் யார் இருப்பார் என்று தெரிந்தே வெடி வைத்தவர்களின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது.

தண்டவாளத்தின் மீதான நம்பிக்கை அன்றுதான் முதன்முதலாக உடைந்தது என்றும் சொல்ல முடியாது. 1958 மே மாதத்தில் பொலன்னறுவை நிலையத்தில் காடையர்கள் வண்டிக்குள் புகுந்து தமிழரைத் தேடித் தாக்கினார்கள். அதையடுத்து ஏறாவூர் அருகே, மட்டக்களப்பிலிருந்து வந்த வண்டி கவிழ்க்கப்பட்டது. ரயிலில் ஏறியவர் எந்த இனம் என்று பார்க்கும் வழக்கம் ஆயுதப் போராட்டத்துக்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது.

1905-இல் முழுமைபெற்ற வடக்குப் பாதை யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கையையே மாற்றியது. கொழும்பில் உத்தியோகம், ஊரில் குடும்பம் என்று வாழ முடிந்தது இந்தக் கோச்சியால்தான். வெங்காயமும் மிளகாயும் சுருட்டும் தெற்கே போயின. காங்கேசன்துறை சீமெந்தும் போனது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் எல்லாம் நின்றது. வவுனியாவுக்கு வடக்கே வண்டி இல்லை. பிறகு இராணுவமும் விடுதலைப் புலிகளும் தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பிடுங்கிப் பங்கர் அமைத்தன. எதிரியின் போக்குவரத்தைத் தடுக்கும் நாசவேலை என்றுகூட இதைச் சொல்ல முடியாது. மக்களின் சொத்தை இரு படைகளும் தங்கள் தலைக்கு மேல் கூரையாக்கிக்கொண்டன. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள், யாழ்ப்பாணத்துக்குப் போய்வர வேறு வழியின்றி இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தவர்கள். 1993-இல் அங்கே கடற்படையின் தாக்குதலில் பலர் மாண்டார்கள்.

ரயில்மீதான தாக்குதல் வடக்கோடு நிற்கவில்லை. 1996 ஜூலை 24 அன்று கொழும்பை அடுத்த தெகிவளையில், வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் நிறைந்த வண்டியில் குண்டுகள் வெடித்து 64 பேர் இறந்தார்கள். விடுதலைப் புலிகள்மீது சுமத்தப்பட்ட அந்தத் தாக்குதலுக்கு, உள்ளே இராணுவம் இருந்தது என்ற சாக்குக்கூடக் கிடையாது. முறிகண்டியை நியாயப்படுத்தியவர்கள் தெகிவளைக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். முதலாவதை ஏற்றுக்கொண்ட மனம்தான் இரண்டாவதற்கும் பழகிப்போனது.

இந்தியக் கடனில் இர்கான் நிறுவனம் பாதையை மீண்டும் அமைக்க, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு வண்டி திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வன்னியில் ஒரு தலைமுறையே ரயிலைப் பாராமல் வளர்ந்திருந்தது. பாதை ஓரத்தில் வீடுகள் வந்தன. புதிய ஒழுங்கைகள் அதைக் குறுக்கறுத்தன. வண்டி திரும்பிய பிறகு, காவலாளி இல்லாத கடவைகளில் உயிர்கள் போயின. கண்ணிவெடிக்குக் கணக்குக் கேட்பவர்கள் இந்தச் சாவுகளையும் அதே கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கடவைகளுக்குப் படலை போட்டு ஆள் நிறுத்துவது ரயில்வே திணைக்களம் இன்னும் முடிக்காத போர்க்காலக் கடமை.