மாடி உயருமுன் அடித்தளம்

இயேசுவில் பிரியமுள்ள பங்குக் குடும்பத்தினரே,

பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும் பேச்சு, இராயபுரம் முதல் எண்ணூர் வரை பல இல்லங்களில் எழுந்துள்ளது. அதற்குக் காரணங்கள் உண்டு. முன்னர் மனைப் பரப்பில் ஒன்றரை மடங்கு வரை தளப்பரப்புக் கட்டலாம் என்றிருந்ததை, 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் இரண்டு மடங்காக்கின. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயிலும் விம்கோ நகர் வரை வந்து சேர்ந்தது.

அடுக்குமாடி ஆகாது என்று நான் சொல்லவில்லை. நகரத்தின் ஏழைகள் பலர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டனர். கடலையும் துறைமுகத்தையும் நம்பி வாழ்பவர் அத்துணைத் தொலைவு சென்றால், வீடு கிடைத்தாலும் பிழைப்புப் போய்விடும். ஆகவே, இருக்கும் இடத்திலேயே உயரக் கட்டுவது நன்று. ஆனால் நம் தெருக்கள் அதற்கு ஆயத்தமா?

திருவொற்றியூரில் 1993-இல் கட்டப்பட்ட குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 2021 டிசம்பர் 27 அன்று சரிந்தது. 24 வீடுகள் மண்ணாயின. விரிசலைக் கண்ட மக்கள் உடனே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. முப்பது ஆண்டுகூட நிற்காத வீடு நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொத்தாகும்?

எனவே இசைவு தருமுன் சிலவற்றை ஆராயுங்கள். நான்கு குடும்பங்களுக்கென இட்ட கழிவுநீர்க் குழாய் நாற்பது குடும்பங்களைத் தாங்குமா? தீயணைப்பு வண்டி உங்கள் சந்தில் நுழையுமா? 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்திலும் வீடுகளிலும் படிந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா கசிய, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அத்தகைய இரவில் ஐந்தாம் மாடியிலுள்ள முதியவரை யார் இறக்குவார்? வலையும் படகு இயந்திரமும் வைக்கக் கீழே இடம் உண்டா?

மனையுள்ளோர், நிலத்தில் தமக்குரிய பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடமாயின், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வாரியக் குடியிருப்பில் வாழ்வோர், மீண்டும் அதே இடத்தில் வீடு தரப்படும் என்ற எழுத்துமூல உறுதியின்றிச் சாவியை ஒப்படைக்க வேண்டாம். தனித்தனியே கேட்பதைவிடத் தெருவாகக் கூடிக் கேட்பதே வலிமை.

ஏழைகளை இடம் மாற்ற நேர்ந்தால், அவர்களுக்கு முன்னரே விவரம் சொல்லி, அவர்களையும் முடிவில் பங்குகொள்ளச் செய்ய வேண்டும் என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் கற்பித்தார். ஆகவே கேள்வி கேட்பது கலகமன்று; அது குடும்பத் தலைவரின் கடமை.

ஆண்டவர், வீடு கட்டிய இருவரின் உவமையைச் சொன்னார். இருவரும் வீடு கட்டத்தான் செய்தனர். வேறுபாடு அடித்தளத்தில் இருந்தது. பாறை என்று பெயர் பெற்ற புனித இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊரினர் நாம். மழை வருமுன் அடித்தளத்தைப் பார்ப்போமாக.

இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குக் குரு