அயல்நாட்டில் ஒரு கணக்கு

வளைகுடா செல்லும் எருத்தேன்பதி இளைஞனுக்கு ஊர்ப் பெரியவர் கூறும் அறிவுரை இது: "அங்கே ஒரு காசும் வைக்காதே, எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பு."

நண்பர்காள்! இந்த அச்சம் காரணமற்றதன்று. 1937-ல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டது. பர்மாத் தமிழரின் நம்பிக்கைக்கு அது ஓர் அடையாளம்! 1963-ல் நே வின் ஆட்சி வங்கிகளை நாட்டுடைமையாக்கிற்று. 1964 மே திங்களில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாவென அறிவித்தது. வெறுங்கையுடன் கப்பலேறித் தாயகம் திரும்பிய தமிழர் எத்தனை பேர்! ஆனால் நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தவனும் அன்று இழந்தானே! அதைப் பெரியவர்கள் சொல்வதில்லை.

கூலியை ரொக்கமாகவே வாங்குபவனுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனால் சான்று எங்கே? இதற்காகத்தானே ஐக்கிய அரபு அமீரகம் 2009-ல் சம்பளப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது! ஆயினும் அட்டை மேற்பார்வையாளர் கையில் இருந்தால் பயன் என்ன? ஆகவே கணக்கு வேண்டும். அது தன் பெயரில், தன் கையில் இருக்கவேண்டும்.

அங்கே செலவுக்குரியது மட்டும் தங்கட்டும். மிச்சம் மாதந்தோறும் இந்தியாவிலுள்ள என்.ஆர்.இ. கணக்குக்கு வரட்டும், அதன் வட்டிக்கு இங்கு வருமான வரி இல்லை, வெளியே திரும்ப எடுத்துச் செல்லவும் தடையில்லை. ஊரிலுள்ள பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும் என்பது விதி. அதை மறப்பவர்தாம் மிகுதி!

வேலை முடிந்து புறப்படுமுன் கடன் பாக்கியைத் தீர்த்து, கணக்கை மூடி, அதற்கொரு கடிதமும் வாங்கி வரவேண்டும்.