ஒரே பெட்டிக்குள் எல்லாக் கணக்கும்: சிறுதொழில்களின் மெய்நிகராக்கமும் அரசு தொலைத்த மின்னஞ்சல்களும்

புளியந்தீவில், வாவிக்கரையிலிருந்து சில யார் தள்டிய ஓர் ஒழுங்கையில் என்னுடைய மாமா கணக்கு அலுவலகம் நடத்துகிறார். கடைகள், ஓர் அரிசி ஆலை, இரண்டு பாமசிகள் என்று ஊராரின் கணக்குகள் அங்கே இருக்கின்றன. மூன்று கணினிகள். ஒன்றில் விண்டோஸ் 7 இல் மட்டுமே ஓடும் பழைய கணக்கு மென்பொருள். இன்னொன்றில் சம்பளப் பட்டியலும் ஈ.பி.எப். விபரங்களும். மூன்றாவது எல்லோரும் கோப்புகளைப் போட்டு எடுக்கும் பொதுப் பெட்டி. அந்த மூன்றாவது ஒரு நாள் காலையில் எழும்பவில்லை.

“மருமகன், கொம்பியூட்டர் போனா வேறொண்டு வாங்கலாம். உள்ளுக்குக் கிடக்கிற கணக்க எங்க போய் வாங்கிற?” என்றார் மாமா. நான் படித்தது ஊடகக் கற்கை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ‘மீடியா’ படித்தவனுக்குக் கணினியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

திருத்த வந்த தம்பி ஒரு யோசனை சொன்னார். கொழும்பில் பாவித்த சேர்வர் ஒன்றை வாங்கி, மூன்று கணினிகளையும் அதற்குள் மூன்று மெய்நிகர் கணினிகளாக ஓடவிடலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொள்ளும். வன்பொருள் மட்டும் ஒன்று. பழைய கணினியின் வட்டை அப்படியே மெய்நிகர் வட்டாக மாற்ற ‘டிஸ்க்2விஎச்டி’ என்ற மைக்ரோசொப்டின் இலவசக் கருவியே போதும். விண்டோஸ் 7 ஐ இணையத்தோடு தொடர்பில்லாமல் உள்ளே தனியாக அடைத்தும் வைக்கலாம்.

யோசனை நல்லதுதான். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தாண்டியதிலிருந்து, மூன்று புதிய கணினி வாங்குவது சின்ன அலுவலகத்துக்குச் சின்ன விடயம் அல்ல. ஆனால் ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் வைத்தால், அந்தப் பெட்டி விழும்போது எல்லாமே விழும். விற்பவர்கள் இதைச் சொல்வது குறைவு.

2023 பெப்ரவரியில் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இதை அனுபவித்தன. விஎம்வெயாரின் ‘ஈஎஸ்எக்ஸ்ஐ’ மென்பொருளைக் குறிவைத்து வந்த கப்பத் தாக்குதல், மெய்நிகர் கணினிகளின் கோப்புகளையே பூட்டியது. தாக்குதல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் 2021 பெப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது. இரண்டு வருடமாகப் போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

அதே வருடம் ஓகஸ்டில் எங்கள் நாட்டிலும் ஒன்று நடந்தது. இலங்கை அரசின் மேகக் கணினி முறைமையில் இருந்த சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் கப்பத் தாக்குதலுக்கு உள்ளாயின. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றில் அடங்கும். சேவை சில மணித்தியாலங்களில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனவை போனவைதான். அந்தக் காலத்துக்கான பிரதிகளும் வலையமைப்போடு இணைந்தே இருந்ததால் அவையும் சேர்ந்து பூட்டப்பட்டன. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான மைக்ரோசொப்டின் ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. இனிமேல் தினமும் இணைப்பில்லாத பிரதி எடுப்போம் என்று பிறகு அறிவித்தார்கள்.

இந்தச் செய்தி இரண்டு நாள் ஓடி அடங்கிவிட்டது. பணம் இல்லாததால் நடந்த தவறு என்று நான் நினைக்கவில்லை. கழற்றி வைக்கும் ஒரு வட்டின் விலை என்ன? அமைச்சரவை அலுவலகத்திடம் இல்லாத வழக்கத்தைப் புளியந்தீவின் கணக்கு அலுவலகம் ஒன்று கைக்கொள்ள முடியும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி.

எந்த மென்பொருள் என்பது அடுத்த கேள்வி. சில வருடங்களுக்கு முன்பு விஎம்வெயாரின் இலவசப் பதிப்பைத்தான் எல்லோரும் கை காட்டியிருப்பார்கள். 61 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக 2022 இல் அறிவித்த புரோட்கொம், 2023 நவம்பரில் அந்த நிறுவனத்தைத் தன் வசமாக்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று, எல்லாம் சந்தா ஆனது. 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பும் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். கொடுத்ததை ஒரு தடவை எடுத்தவர் மறுபடியும் எடுக்கமாட்டார் என்று யார் பொறுப்பு நிற்பது? நாங்கள் வியன்னாவிலிருந்து வரும் திறந்த மூல மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸைப் போட்டோம். இலவசமாகவே ஓடும், உதவி வேண்டுமென்றால் மட்டும் சந்தா. விண்டோஸ் புரோ ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதிலேயே இருக்கும் ஹைப்பர்-வியில் பழகிப் பார்க்கலாம்.

உரிமத்தில் ஒரு பொறி உண்டு. கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே சொந்தம். வட்டைப் பிரதி எடுத்து வேறு பெட்டிக்குள் கொண்டுபோனால் உரிமம் கூடவே வராது. மாமா இதற்கு முகம் சுளித்தார். ஆனால் கணக்காளர் வீட்டில் களவு மென்பொருள் இருக்கக்கூடாது என்று அவரே முடிவெடுத்து, புதிதாக வாங்கினார்.

பிறகு மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. மூன்று மெய்நிகர் கணினிகள் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மூன்றின் கோப்புகளும் ஒன்றாகச் சிதையலாம். அதனால் யூபிஎஸ் வாங்கியதோடு நில்லாமல், அதன் யூஎஸ்பி வயரையும் சேர்வரில் குத்தி, பெட்டரி குறைந்தால் தானாக ஒழுங்காக அணையும்படி செய்தோம். அந்த வயர் பல அலுவலகங்களில் பிரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

‘ஸ்னாப்ஷொட்’ எடுத்திருக்கிறோமே, அது போதாதா என்று மாமாவின் மகள் கேட்டாள். ஸ்னாப்ஷொட் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு செத்தால் அதுவும் செத்துவிடும். இப்போது இரண்டு வெளி வட்டுகள் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒன்று அலுவலகத்தில், மற்றது கல்லடியில் வீட்டு அலுமாரியில், துணிகளுக்கு நடுவே.

சென்ற சனிக்கிழமை அலுமாரி வட்டைக் கொண்டுவந்து, வேறொரு பழைய கணினியில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்தோம். கணக்கு மென்பொருள் எழும்பியது. சம்பளப் பட்டியலும் வந்தது. பொதுக் கோப்புகளைக் காணவில்லை. அந்த மெய்நிகர் கணினிக்குப் பிறகு சேர்த்த இரண்டாவது வட்டில் ‘பெக்கப்’ என்ற கட்டத்தில் சரியடையாளம் போட மறந்திருந்தோம். மாமா ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரியடையாளத்தைப் போட்டு, அன்றிரவே புதிய பிரதி எடுத்தோம். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் மீட்டுப் பார்க்க வேண்டும்.