எச்சரிக்கை மணி இல்லாத விமானம்

2019 ஜனவரி 21ஆம் தேதி இரவு, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃப் நகருக்குப் புறப்பட்ட சிறிய தனியார் விமானம் ஒன்று ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. விமானியும், காற்பந்து ஆட்டக்காரர் எமிலியானோ சாலாவும் உயிரிழந்தனர். கார்டிஃப் சிட்டி 1 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு அவரை ஒப்பந்தம் செய்து இரண்டே நாள்கள்தான் ஆகியிருந்தன.

சாலாவின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 58 விழுக்காடு கார்பன் மோனாக்சைடுடன் பிணைந்திருந்தது. 50 விழுக்காட்டைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. விமானியையும் அந்த வாயு பாதித்திருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை.

பிஸ்டன் இயந்திரம் கொண்ட பல சிறு விமானங்களில், சூடான புகைபோக்கியைச் சுற்றி வரும் காற்றைக் கொண்டே உள்ளறையைக் கதகதப்பாக்குகிறார்கள். புகைபோக்கியில் விரிசல் விழுந்தால் நச்சு வாயுவும் சேர்ந்து உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் சோர்வும் வந்தால், களைப்பு என்றே விமானி நினைப்பார். காரில் இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். அதே வாயுதான் இது.

சாலா சென்ற விமானத்தில், வாயு கசிந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி இல்லை. இருந்திருந்தால் விமானி சூடேற்றியை அடைத்து, வெளிக்காற்றைத் திறந்துவிட்டு, தரையிறங்க முயன்றிருக்கலாம். சிலர் நிறம் மாறும் அட்டை வில்லையை ஒட்டிவைத்தால் போதும் என்கிறார்கள். வில்லை நிறம் மாறும். ஆனால் கூப்பிட்டுச் சொல்லாது. இருட்டில், மேகத்துக்கு நடுவே, யார் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

வரைபடத் திரைக்குத் தாராளமாகச் செலவழிக்கும் விமான உரிமையாளருக்கு இந்தச் சிறு கருவி ஒரு சுமையே அல்ல. விமானியல்லாத பயணிகளை ஏற்றும் பிஸ்டன் விமானங்களுக்கு பிரிட்டன் 2025 முதல் இதைக் கட்டாயமாக்கியுள்ளது. மற்ற நாடுகளும் இன்னொரு விபத்துக்குக் காத்திராமல் இந்த விதியைக் கொண்டுவர வேண்டும். தனியாகப் பறப்பவருக்கும் அது பொருந்த வேண்டும். அவர் உயிரும் உயிர்தான்.

கருவி மட்டும் எல்லாவற்றையும் காத்துவிடாது. அந்த விமானிக்கு இரவில் பறக்கவோ, கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றவோ தகுதி இல்லை என்பதையும் அறிக்கை பதிவு செய்துள்ளது. சட்டமும் தேவை, கருவியும் தேவை.

பறக்கும் ஆசையுள்ள நண்பர்களே, சிறு விமானத்தில் ஏறும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா?” கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.