உச்சவரம்புக்குள் ஓர் அணி

ஒரு விளையாட்டு அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்தால் என்ன செய்வீர்கள்? மிகச் சிறந்த ஆட்டக்காரர்களையே சேர்ப்பேன் என்பீர்கள். ஆனால், செலவழிக்கும் தொகைக்கு ஓர் எல்லை இருந்தால்?

வட அமெரிக்காவின் நேஷனல் ஹாக்கி லீகில் இதுதான் நிலைமை. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 32 அணிகள் அதில் பனித்தரையில் ஹாக்கி ஆடுகின்றன. ஊதியத் தகராறு காரணமாக 2004-05 பருவத்தில் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. அந்தத் தகராறின் முடிவில் பிறந்ததே ஊதிய உச்சவரம்பு. நில உச்சவரம்பைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இதுவும் அது போன்றதே. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய தொகை 2005-06இல் 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025-26இல் அது 9 கோடியே 55 லட்சம் டாலர். பல ஆண்டு ஒப்பந்தமானால், மொத்தத் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியே ஆண்டுதோறும் கணக்கில் ஏறும்.

ஆற்றல் அழியா விதியை நினைவுகூருங்கள். மொத்தம் மாறாதபோது, ஓரிடத்தில் கூடினால் மற்றோரிடத்தில் குறைந்தே தீரும். ஆகவே "யார் சிறந்தவர்?" என்று மட்டும் கேட்பது போதாது, "எந்த வயதில், எத்தனை ஆண்டுகளுக்கு?" என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சான்று காண்போம். 2010இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதன் நட்சத்திரங்களான ஜானதன் டேவ்ஸ், பேட்ரிக் கேன் இருவரும் இருபதை ஒட்டிய இளைஞர்கள். புதியவர்களுக்கான குறைந்த ஊதிய ஒப்பந்தத்தில் ஆடினர். மறு பருவத்தில் அவர்களது ஊதியம் உயரவே, கோப்பையை வென்ற தோழர்கள் பலரை அணி விட்டுவிட நேர்ந்தது. பின்னர் இளைஞர்களைச் சேர்த்து 2013இலும் 2015இலும் மீண்டும் வென்றது.

2014இல் அவ்விருவருடனும் 8 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தலைக்கு 8 கோடியே 40 லட்சம் டாலர். அதாவது ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2015-16இல் உச்சவரம்பு 7 கோடியே 14 லட்சம். இருவருக்கும் போக எஞ்சியது 5 கோடியே 4 லட்சம். 23 பேர் கொண்ட அணியில் மற்ற 21 பேருக்கும் பங்கிட்டால், ஆளுக்கு 24 லட்சம்தான்! 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் சிகாகோ முதற்சுற்றிலேயே தோற்றது. 2018இல் இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. காரணம் இது ஒன்றே அல்ல. எனினும் இதுவும் ஒரு காரணம்.

"மூன்று கோப்பைகளை வென்று தந்தவர்களுக்கு நன்றி காட்ட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆனால் அந்த நன்றிக்கு விலை கொடுப்பவர் யார்? இடமின்றி வெளியேற்றப்படும் ஆட்டக்காரர் அல்லவா? ஊதியம் மிகுதி என்பதைவிட ஒப்பந்தம் நீளம் என்பதே எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது. 27 வயதில் தொடங்கும் 8 ஆண்டு ஒப்பந்தம் 35இல் முடியும். பனித்தரையில் விரைவு குறையத் தொடங்கும் ஆண்டுகளுக்கும் இளமையின் விலையையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

உச்சவரம்பு ஆண்டுதோறும் உயரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. கொரோனா தொற்றினால் 2019-20 முதல் மூன்று பருவங்கள் அது 8 கோடியே 15 லட்சத்திலேயே நின்றது. ஆகவே நல்ல திட்டத்தில் சிறிதளவு பணம் ஒதுக்கப்படாமலேயே இருக்க வேண்டும்.

ஒரு தாளில் 23 வரிசைகளும் 5 நிரல்களும் கொண்ட கட்டம் போடுங்கள். வரிசைக்கு ஓர் ஆட்டக்காரர். நிரலுக்கு ஓர் ஆண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் வயதையும் ஊதியத்தையும் எழுதி, நிரல்களைக் கூட்டுங்கள். முதல் நிரல் எளிதில் அடங்கிவிடும். ஐந்தாம் நிரலையும் அடக்கிக் காட்டுபவரிடம் அணியை நம்பி ஒப்படைக்கலாம்.